சவரிமுத்துவின் கால் இருக்கும் இடம்

போன தை மாதம் என் இடது காலில் கடைசி இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை வியாதி. மயக்கம் தெளிந்ததும் பக்கத்தில் நின்ற சின்ன நர்ஸிடம், "என் விரல் எங்கம்மா?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள். "அது ஆஸ்பத்திரிக் கழிவு போடுற மஞ்சப் பையில போயிருச்சு ஆன்ட்டி. வண்டி வந்து எடுத்துட்டுப் போயிரும். எங்கயோ கொண்டுபோய் எரிச்சிருவாங்க."

"எங்கயோன்னா எங்க?"

"தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? திருப்பி ஒட்டவா முடியும்?"

நானும் முப்பது வருடத்துக்கு மேல் நர்ஸாக இருந்தவள்தான் என்பது பிறகு அவளுக்குத் தெரிந்தது. மறுநாளே சின்ன நர்ஸ்கள் நாலைந்து பேராக வந்து நின்றார்கள். மருத்துவமனையின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமாம். தலைப்பையும் அவர்களே கொண்டுவந்திருந்தார்கள்: துன்ப வேளையில் பரலோக நம்பிக்கை. "நல்லா உருக்கமா எழுதுங்க ஆன்ட்டி," என்றாள் ஒருத்தி.

உருக்கமாக எழுத எனக்கு வராது. இந்தத் தலைப்பைக் கேட்டாலே எரிச்சல்தான் வரும். பரலோகம் இல்லை என்று நினைக்கிறவள் அல்ல நான். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறேன், உண்டு என்றுதான் நம்புகிறேன். ஆனால் வலியில் துடிக்கிறவர்கள் முன்னால் அந்த வார்த்தையைத் தூக்கி வீசிவிட்டு நடையைக் கட்டுகிறவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்துவிட்டேன். அந்த வார்த்தையைச் சொல்ல முழு உரிமை இருந்த ஒரு மனிதரையும் பார்த்தேன். அவரும் என்னைக் கொஞ்சநஞ்சமாக எரிச்சல்படுத்தவில்லை. அவரைப் பற்றி எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் பாடு.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. மதுரையில் மூன்று வருடம் இருந்தேன். கழுவினேன், துடைத்தேன், திட்டு வாங்கினேன், தேறினேன். சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ராமநாதபுரத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. ஓட்டுக் கட்டடம், இரண்டு வார்டு, ஒரு ஆபரேஷன் தியேட்டர். கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கவும் கருவிகளை வேகவைக்கவும் நல்ல தண்ணீர் மாட்டு வண்டியில் பீப்பாயில் வரும். வண்டி வராத நாளில் டாக்டர் முதல் தோட்டி வரை எல்லோரும் சிடுசிடுத்துக்கொண்டு திரிவோம்.

எங்கள் மேட்ரன் அம்மா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். உயரம் குறைவு. நடக்கும் சத்தமே கேட்காது. படுக்கை விரிப்பின் மூலையை அவர் சொன்ன கோணத்தில் மடிக்காவிட்டால் நோயாளியையே எழுப்பி உட்காரவைத்து மறுபடி விரிக்கச் சொல்வார். ஒரு நாள் வார்டுக்கு வந்த பைபிள் ஊழியக்காரம்மா, பிரசவத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த பெண்ணின் தலைமாட்டில் நின்று, "பரலோகத்துல உன் புள்ளையப் பாப்ப, அழாதம்மா," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மேட்ரன் அம்மா பின்னால் வந்து நின்றார்.

"அந்தப் பொண்ணுக்குச் சேலையும் விரிப்பும் நனைஞ்சு கெடக்கு. பாக்கலியா?" என்றார்.

ஊழியக்காரம்மா முழித்தார்.

"மொதல்ல படுக்கை. அப்புறம் பரலோகம். போய் ஒரு உலர்ந்த விரிப்பு எடுத்துட்டு வாங்க."

மேட்ரன் அம்மா எங்களுக்கு வேறு இறையியல் எதுவும் கற்றுக்கொடுக்கவில்லை. எனக்கு வேறு தேவைப்படவும் இல்லை.

பெரிய டாக்டர் வேறு மாதிரி. பேச்சே கிடையாது. கெட்ட செய்தியை அவர் நின்றுகொண்டு சொல்லி நான் பார்த்ததில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார். நோயாளியின் கண் மட்டத்துக்குத் தன் கண் வரும்படி குனிந்துகொள்வார். எந்த உறுப்பை எடுக்க வேண்டுமோ அதன்மேல் கையை வைத்துக்கொண்டே பேசுவார். நாறினாலும் சீழ் வடிந்தாலும் கையை எடுக்க மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவ்வளவுதான் அவருடைய கோபம்.

ஐம்பதுகளின் நடுவில், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில், சவரிமுத்து என்பவரைக் கட்டிலோடு ரயிலேற்றிக் கொண்டுவந்தார்கள். சங்கு குளிக்கிறவர். ராமேஸ்வரம் தீவில், தனுஷ்கோடிக்குப் போகிற வழியில் மணலுக்குள் இருந்த ஒரு கடற்கரைக் குடியிருப்பு அவர் ஊர். கரைக்குப் பக்கத்தில் மிதித்த திருக்கை மீன் வலது கணுக்காலில் முள்ளை ஏற்றிவிட்டது. வெந்நீர் ஊற்றியிருக்கிறார்கள். பச்சிலை கட்டியிருக்கிறார்கள். யாரோ ஒரு புத்திசாலி மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறார். கடைசியில் பாதம் கறுத்து, நாற்றம் வந்த பிறகுதான் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்திருக்கிறது. எல்லா ஊரிலும் இதே கதைதான், இதே வரிசைதான். நான் அவரைச் சேர்த்த நிமிஷத்திலிருந்து இதற்காக அவரோடும் அவர் மனைவி பிரகாசியோடும் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கறுத்த காலின்மேல் கையை வைத்தார்.

"இந்தக் காலை எடுக்கணும். இன்னைக்கு எடுத்தா முழங்காலுக்குக் கீழே போதும். நாளைக்குன்னா முழங்காலுக்கு மேலே. அதுக்கும் அடுத்த நாள்னா என்னால ஒண்ணும் முடியாது."

சவரிமுத்து அழவில்லை. "எடுத்த கால என்ன செய்வீக?" என்று கேட்டார்.

"புதைச்சிருவோம்."

"எங்கன?"

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாடி குழி இருக்கு. சுண்ணாம்பு போட்டுப் புதைப்போம்."

"அப்ப வேணாங்கய்யா."

எனக்கு முதலில் புரியவில்லை. அவர்தான் சொன்னார். அவர்களுடைய ஊரில் ஒரு வழக்கம். கடலுக்குள் போய் உடல் கிடைக்காதவர்களுக்கும் கல்லறைத் தோட்டத்தில் ஆளளவு இடம் விட்டு, தலைமாட்டில் மரச்சிலுவை நட்டு வைப்பார்கள். உள்ளே ஒன்றும் இருக்காது. இடம் மட்டும் இருக்கும். அவருடைய அப்பா சங்கு குளிக்க முங்கியவர், மேலே வரவில்லை. அவருக்கும் அப்படி ஒரு வெற்றிடம் இருந்தது.

"எங்க அய்யாவுக்குக் கல்லறை இருக்கு, எலும்பு இல்ல. என் கால அங்கன வையுங்க. அது ஞானஸ்நானம் வாங்கின காலு. குப்பையோட குப்பையா சுண்ணாம்புக் குழியில கெடந்தா, எல்லாரையும் எழுப்புற அன்னிக்கு நான் எங்கன போயித் தேடுவேன்?"

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "அண்ணே, ஆண்டவர் புது உடம்பு தருவாரு. இந்த அழுகின காலை வச்சிக்கிட்டு அவர் என்ன செய்வாரு?"

"புதுசுதான் தருவாரு நர்சம்மா. இல்லேங்கல. பழசே இல்லேன்னா எதப் புதுசாக்குவாரு? உங்க சபையில எப்படியோ, எங்களுக்குத் தெரியாது."

நாங்கள் பிராட்டஸ்டண்ட், அவர்கள் ஆர்.சி. கத்தோலிக்கர். அதைக் குத்திக் காட்டுகிற நிலையிலா இருந்தார் அந்த மனிதர்? காய்ச்சல் கொதிக்கிறது, கால் அழுகிக்கொண்டு மேலே ஏறுகிறது, இவருக்கு மதத் தர்க்கம். பிரகாசி கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இந்த மனுசன் கல்யாணத்தன்னிக்குக்கூடக் காலுக்குச் செருப்புப் போட மாட்டேன்னாரு," என்றாள். "இப்ப அந்தக் காலுக்கு மோட்சம் கேக்குறாரு. நான் கொண்டுபோயி வைக்கிறேன்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்குறாரு நர்சம்மா."

"நீ சாவிய வச்சிருக்க கோயில்பிள்ளகிட்ட நின்னு பேச மாட்ட. அவரு ஒரு அதட்டுப் போட்டா அழுதுட்டு வந்துருவ," என்றார் சவரிமுத்து. பிறகு என்னைப் பார்த்தார். "நர்சம்மா வாக்குக் குடுக்கட்டும். இவுகதான் நல்லாச் சண்ட போடுறாக."

நான் டாக்டரைப் பார்த்தேன். அவர் கையைக் காலிலிருந்து எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. "சரி, வைக்கிறேன். வாயை மூடிக்கிட்டுத் தியேட்டருக்கு வாங்க," என்றேன்.

மேட்ரன் அம்மா சம்மதிக்கவில்லை. வெட்டியெடுத்த உறுப்பை அன்றைக்கே, ஆஸ்பத்திரி எல்லைக்குள், ஆழமாகப் புதைக்க வேண்டும் என்பது விதி. அதை ரயிலில் ஏற்றினால் நாற்றம், ஈ, நோய், பக்கத்தில் உட்காருகிறவனுடைய புகார். அவர் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார்.

"விதி எதுக்கு மேட்ரன்?"

"நோய் பரவக்கூடாதுன்னு."

"பரவாத மாதிரி உங்களால கட்டித் தர முடியுமா, முடியாதா?"

அந்தக் கேள்வியை மேட்ரன் அம்மாவிடம் கேட்கலாமா? முடியாது என்று அவர் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை. "முடியும்," என்றார், கடித்த பல்லுக்கு நடுவே.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அதன் பிறகு மேட்ரன் அம்மா அந்தக் காலைக் கட்டியதை நான் மறக்க மாட்டேன். மருந்தில் நனைத்த துணியால் விரலிலிருந்து மேலே வரை ஒரே அழுத்தத்தில் சுற்றினார். அதன்மேல் உலர்ந்த சுண்ணாம்புத் தூள், அதன்மேல் பஞ்சு, மறுபடி துணி. கடைசியில் மெழுகுத்துணி. அதன் மூலைகளைப் படுக்கை விரிப்பின் அதே கோணத்தில் மடித்து ஊசியால் தைத்தார். ஒரு இடத்தில் தையல் கோணிவிட்டது என்று பிரித்து மறுபடி தைத்தார். பிரகாசி வைத்திருந்த பெரிய ஓலைப் பெட்டியில் அதை இறக்கி, மூடியைக் கயிறு போட்டுக் கட்டினார். "நீ கூடப் போ. வழியில எவனும் தொறக்கக் கூடாது. சாயங்கால வண்டிக்குத் திரும்பி வந்துரணும்," என்றார் என்னிடம்.

வண்டியில் பிரகாசி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு செட்டியார், "என்னம்மா, கருவாடா?" என்று மூக்கைச் சுளித்தார்.

"இல்லங்க," என்றாள் பிரகாசி. "எங்க வீட்டுக்காரரு."

செட்டியார் ரயிலின் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். பாம்பன் பாலம் வந்தபோது அவள் சேலை முந்தானையைப் பெட்டியின்மேல் போர்த்தினாள். வண்டி பாலத்தில் ஊர்ந்து போகும்வரை அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. இந்த வேலைக்காகவா மதுரையில் மூன்று வருடம் படித்தோம் என்றுதான் இருந்தது.

ஊரில் கோயில்பிள்ளை கல்லறைத் தோட்டத்து வாசலிலேயே மறித்தார். கோயிலைக் கூட்டி, மணி அடித்து, சாவியை வைத்திருக்கிறவர். பாதிரியார் தபசு காலத்துப் பூசைகளுக்காக வேறு ஊருக்குப் போயிருந்தார். அதனால் இவர்தான் அன்றைக்கு அந்த ஊருக்குப் பாப்பரசர்.

"ஆளு செத்தாத்தான் அடக்கம். கால அடக்கம் பண்ணச் சொல்லி எங்கயும் இல்ல."

"பண்ணக் கூடாதுன்னு இருக்கா?" என்றேன்.

"நீங்க யாரு?"

"ஆஸ்பத்திரி நர்ஸ்."

"எந்தச் சபை?"

சொன்னேன். அவருக்கு அது போதுமாக இருந்தது. சுற்றி நின்ற ஆட்களைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "இந்தக் கால் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிருக்கா? பூசையில நன்மை வாங்கிருக்கா?"

"ஞாயித்துக்கெழம அவர நன்மை வாங்கக் கோயிலுக்கு நடத்திக் கூட்டியாந்தது எது? கையா?"

யாரோ பின்னால் சிரித்தார்கள். "ஏலே, நர்சம்மா கேக்குறதும் ஞாயந்தான்," என்றார் ஒரு கிழவர். கோயில்பிள்ளை சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"புதுக் குழி வெட்ட பங்குச் சாமியாரு உத்தரவு வேணும்."

"புதுக் குழி யாரு கேட்டா? அவுக அய்யாவுக்கு விட்ட எடம் சும்மாத்தான கெடக்கு? மகன் கால அங்கன வச்சா அவரு எந்திரிச்சு வந்து வழக்குப் பேசுவாரா?"

கோயில்பிள்ளை சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டார். "மணி மட்டும் அடிக்க மாட்டேன்," என்றார். சரி, அடிக்க வேண்டாம் என்றேன். அந்த வெயிலில் மணி ஒன்றுதான் குறைச்சல்.

மணலைத் தோண்டினார்கள். பெட்டியை இறக்கப் போகும்போது கோயில்பிள்ளை கையை நீட்டித் தடுத்தார். இன்னும் என்ன என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எடது காலா, வலது காலா?"

"வலது."

"அப்ப இப்படி வைக்கக் கூடாது. தலைமாடு அங்கன. வலது காலுன்னா இந்தப் பக்கம் வரணும். கீழ்க்கோடியில வையுங்க. மிச்ச ஆளு பின்னால வரும்போது எடம் வேணுமில்ல?"

தானே குழிக்குள் இறங்கி, பெட்டியை நகர்த்தி, நிமிர்த்தி, ஒரு எட்டுத் தள்ளி நின்று பார்த்து, மறுபடி நகர்த்தி வைத்தார். ஒரு பரலோக மந்திரமும் அருள்நிறை மந்திரமும் சொன்னார். நானும் தலை குனிந்து நின்றேன். மாதாவை வேண்டுகிற அருள்நிறை மந்திரம் எங்களுக்குக் கிடையாது. இருந்தாலும் நின்றேன்.

திரும்பி வந்தபோது சவரிமுத்து கஞ்சியைத் தொடாமல் காத்திருந்தார். "எந்தப் பக்கமா வச்சீக?" என்பதுதான் முதல் கேள்வி. இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கிறுக்கு என்று நினைத்துக்கொண்டு, வலது பக்கம், கீழ்க்கோடியில் என்று சொன்னேன். அப்புறம்தான் கஞ்சி குடித்தார்.

கஷ்டம் அதற்குப் பிறகுதான் வந்தது. வெட்டிய இடத்தில் சீழ் பிடித்துவிட்டது. தினமும் கட்டுப் பிரித்துக் கழுவ வேண்டும். இன்றைக்கு மாதிரி வலி தெரியாமல் இருக்க ஊசியெல்லாம் கிடையாது. இருந்த கொஞ்சம் மார்ஃபியாவை மேட்ரன் அம்மா ஆபரேஷனுக்கு என்று பூட்டி வைத்திருந்தார். ஒட்டிக்கொண்ட துணியை உப்பு நீர் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, மயிரிழை மயிரிழையாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் புதுச் சதை கூடவே வந்துவிடும். பிறகு புண்ணுக்குள் இடுக்கியை விட்டு அழுகலை எடுத்து, மருந்தில் நனைத்த துணியை மூலை முடுக்கெல்லாம் திணிக்க வேண்டும். திடகாத்திரமான ஆட்கள் இதற்குக் கட்டிலை உடைத்திருக்கிறார்கள்.

சவரிமுத்து சத்தம் போட மாட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரிக் கிடப்பார். முகம் கறுக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், மூச்சு மட்டும் வராது. தசை இறுகிவிடுவதால் எனக்குத் துணியைத் திணிக்க முடியாது.

"மூச்ச விடுங்கண்ணே. செத்துத் தொலைக்கப் போறீக."

வெகுநேரம் கழித்து விடுவார். "முங்கிப் பழகின ஆளு நர்சம்மா. இம்புட்டு நேரம் பிடிக்கலாம்."

"எதுக்குப் பிடிக்கணும்? வலிச்சாக் கத்துங்க. யாரு வேணாம்னா?"

"கடலுக்கு அடியில நெஞ்சு வெடிக்கிற மாதிரி இருக்கும். அப்பவும் எப்படிப் பிடிக்கிறோம்? மேல காத்து இருக்கு. அது தெரியும். அதான் பிடிக்க முடியுது. மேல காத்தே இல்லேன்னு வச்சுக்கங்க, எவனாச்சும் ஒரு நொடி பிடிப்பானா? வாயத் தொறந்து தண்ணியக் குடிச்சிருவான்."

நான் அடுத்த துணியை மருந்தில் நனைத்தேன். இந்த நேரம் பார்த்துப் பைபிள் ஊழியக்காரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "பரலோகத்துல வலியே இல்ல தம்பி," என்று ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் சவரிமுத்து மரியாதையாகச் சொன்னார்:

"தெரியும் தாயி. அதுவரைக்கும் அந்தத் தட்டக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீகளா? நர்சம்மாவுக்குக் கை பத்தல."

அந்தம்மா சீழ்த் தட்டைப் பிடித்துக்கொண்டார். முகம் வெளுத்தது. ஆனால் ஓடவில்லை. மறுநாளும் அதே நேரத்துக்கு வந்தார். வேதாகமத்தைத் திறக்காமல் தட்டைப் பிடித்தார். அதன் பிறகு அந்த அம்மா மேல் எனக்கிருந்த கோபம் பாதி போய்விட்டது.

சவரிமுத்து பிழைத்தார். மரக்கட்டைக் காலை ஊன்றி ஊருக்குப் போனார். சங்கு குளிப்பு முடிந்துபோனது. வலை முடைந்தார். பிரகாசி கருவாட்டுக் கூடையைச் சுமந்து வீடு வீடாக விற்றாள். ஒரே மகளைப் பாம்பனில் கட்டிக்கொடுத்தார்கள். வெட்டிய இடம் கட்டையில் உரசிப் புண்ணாகும்போதெல்லாம் ஆஸ்பத்திரிக்கு வருவார். "எப்படிண்ணே இருக்கீக?" என்றால், "எனக்கென்ன நர்சம்மா, பஸ்ஸுல துண்டு போட்டு வச்ச மாதிரி முன்னாலயே கால அனுப்பி எடம் பிடிச்சாச்சு," என்பார். வீட்டில் உலை ஏறாத நாட்கள் இருந்தன என்று பிரகாசி சொல்லித்தான் தெரியும். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. கேட்டால்தானே யாராவது உதவுவார்கள்? அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்கு அறையலாம் போலிருக்கும்.

பிறகு தனுஷ்கோடியைக் கொண்டுபோன அந்தப் புயல் வந்தது. அதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும், நான் விவரிக்கப் போவதில்லை. பாலமும் உடைந்துபோயிருந்ததால் பிழைத்தவர்களைப் படகில் இக்கரையில் உள்ள மண்டபம் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து எங்களில் சிலரை அங்கே அனுப்பினார்கள்.

நான் போய் இறங்கியபோது வெள்ளைச் சட்டை போட்ட சிலர் ஒலிபெருக்கி வைத்துப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார்கள். இந்த உலகம் நிலையில்லாதது, கண்ணீரெல்லாம் துடைக்கப்படுகிற ஒரு நாடு உண்டு என்று. கேட்டுக்கொண்டிருந்தவர்களின் உதடு வெடித்திருந்தது. காலையிலிருந்து யாரும் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை. நான் நேரே போய் ஒலிபெருக்கிக்காரரிடம் கேட்டேன்: "அய்யா வந்த வண்டி எங்க?"

"அங்க நிக்குதும்மா. ஏன்?"

"அதுல பீப்பாய ஏத்திட்டுப் போயி தண்ணி கொண்டாங்க. பரலோகம் எங்கயும் போயிராது. நீங்க திரும்பி வர்றவரைக்கும் நான் பாத்துக்கிறேன்."

அவருக்குக் கோபம்தான். ஆனால் போனார். பீப்பாயோடு திரும்பியும் வந்தார்.

சவரிமுத்து ஒரு சுவரோரம் கிடந்தார். மரக்கட்டைக் கால் இல்லை. வெட்டிய காலின் முனையில் தோல் முழுக்க உரிந்திருந்தது. பிரகாசி இல்லை. நான் கேட்காமலே சொன்னார். ஒரு கையில் பனைமரம், ஒரு கையில் அவள். "வழுக்கிருச்சு," என்றார். அவ்வளவுதான். அழவில்லை. கண் சிமிட்டவில்லை. கல் மாதிரி இருந்தார். நான் புண்ணைக் கழுவ ஆரம்பித்தேன். எத்தனையோ தடவை பார்த்த உடம்பு அது. தசை இறுகிக் கிடந்தது.

"மூச்ச விடுங்கண்ணே," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு விட்டார். அந்த மனிதர் வாய்விட்டுக் கத்தியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். பக்கத்தில் கிடந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கட்டுப் போடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நானும் உட்கார்ந்திருப்பேன்.

கட்டி முடித்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு அவராகவே சொன்னார்: "கல்லறையும் இல்ல நர்சம்மா. சிலுவை ஒண்ணுகூட இல்ல. மணலே இல்ல, தண்ணிதான் நிக்குது."

எனக்குத் தாங்கவில்லை. மேட்ரன் அம்மா பிரித்துத் தைத்த தையல், பாலத்தின்மேல் பிரகாசியின் முந்தானை, கோயில்பிள்ளையோடு போட்ட சண்டை எல்லாம் கண்ணில் வந்தது. "அத்தனையும் எதுக்குண்ணே?" என்றேன். "எல்லாத்தையும் கடல் வாரிட்டுப் போறதுக்கா? இப்பவாவது ஏதாவது திட்டித் தொலைங்க. சாமியத்தான் திட்டுங்களேன்."

அவர் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

"அய்யாவத் தேடிக் கால் போயிருக்கு," என்றார். "அவரு இருக்க எடத்துக்கு. நாமதான் அவரு இல்லாத எடத்துல வச்சிட்டோம். பிரகாசியும் இப்ப அங்கனதான்." பிறகு கேட்டார்: "வாங்குன ஆள எல்லாம் ஒரு நா கடல் திருப்பிக் குடுக்கணும்னு இருக்கில்ல? உங்க சபைப் புத்தகத்துலயும் அப்படித்தான இருக்கு?"

"அப்படித்தான் இருக்கு."

"அப்பச் சரி," என்றார். சுவரோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஏறி இறங்கியது.

அதற்குப் பிறகும் சில வருடங்கள் பாம்பனில் மகள் வீட்டில் இருந்தார். வலை முடைந்தார். யாருக்கும் பாரமாக இல்லை என்று மகள் சொன்னாள். அவர் இறந்த செய்தி எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அடக்கத்தின்போது குழி வெட்டியவர்களிடம் மகள் சண்டை போட்டாளாம். வலது பக்கம் கீழ்க்கோடியில் ஒரு காலளவு இடம் கூடுதலாக வெட்ட வேண்டும் என்று. கடலில் இருக்கிறதற்கு இடம் விடுவது எங்கள் ஊர் வழக்கம் என்றாளாம். வெட்டியவர்கள் முனகிக்கொண்டே வெட்டினார்களாம்.

சின்ன நர்ஸ்களே, நீங்கள் கேட்ட கட்டுரை இதுதான். உங்களுக்கு ஒன்றுதான் சொல்ல இருக்கிறது. என் விரல் எங்கே என்று ஒருவர் கேட்டால் சிரிக்காதீர்கள். அந்த மஞ்சள் பை எந்த ஊருக்குப் போகிறது என்று விசாரித்துச் சொல்லுங்கள். அது கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய விஷயம்தான். நான் நொண்டிக்கொண்டே போய் வண்டிக்காரரிடம் கேட்டுவிட்டேன்.

என் மகனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். குழி வெட்டும்போது இடது காலடியில் இரண்டு விரல் அகலம் இடம் விடச் சொல்லியிருக்கிறேன். "அம்மா, நம்ம சபையில அப்படியெல்லாம் கெடையாதே," என்றான்.

தெரியும்டா, இருந்தாலும் விடு என்றேன்.